ரம்பக்காரரின் பாவசங்கீர்த்தனம்

ஈர மரம் கோபத்தில் இருக்கிற மாமியார் மாதிரி, எந்தப் பக்கம் தொட்டாலும் இறுகும் என்று ரம்பக்காரர் சொல்வார். பதினோரு நாளாக விடாத மழை. மில் முற்றத்தில் அடுக்கிக் கிடந்த தடிகளெல்லாம் தண்ணீரைக் குடித்து ஊதியிருந்தன. அறுக்கப்போனால் பாதி வழியில் ரம்பத்தைக் கவ்விக்கொண்டன. மோட்டார் முனகியது. தகரக் கூரையில் மழை அடித்தது. ஈர மரத்தூள் சேறு மாதிரி செருப்பில் அப்பியது. இத்தனை சத்தத்தில் வாசலில் ஆள் வந்து நிற்பதை ரம்பக்காரர் கவனிக்கவில்லை. லோடு ஏற்றுகிறவன்தான் வந்து தோளைத் தொட்டு, "அண்ணே, உங்க மாப்ள வந்திருக்காரு" என்றான்.

ரம்பக்காரர் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். வட்ட ரம்பம் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அது முழுக்க நிற்கும்வரை அவர் திரும்பவில்லை.

மாப்பிள்ளை என்றால் அவருடைய தங்கையின் புருஷன். ஒரு காலத்தில் இதே மில்லில், இதே மேசையில், அவருக்கு எதிர்ப்பக்கம் நின்று பலகை இழுத்தவர். ரம்பக்காரர் வாய்க்கு வாய் மாப்ள என்று கூப்பிட்டதில், முதலாளி முதல் டீக்காரர் வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளையாகிப் போனார். வலது கை மணிக்கட்டோடு போன நாளிலிருந்து அவர் இந்தப் பக்கம் வந்ததில்லை. ஒன்பது வருஷம். இன்றைக்கும் கேட்டுக்கு வெளியேதான் நின்றார், இடது கையில் குடையோடு.

"உள்ள வாங்க மாப்ள. நனையிறீங்க."

"இருக்கட்டும் மச்சான். அந்தச் சத்தம் எனக்கு ஆகாது."

"நிறுத்திட்டேனே."

"நின்னாலும் எனக்குக் கேக்கும்." மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார். "ஒரு விஷயம். பையன் வீட்டுல ஒரு பேச்சு வந்திருக்கு."

"என்ன பேச்சு? புதன்கிழமை கல்யாணத்தை வெச்சுக்கிட்டு இன்னும் என்ன வேணுமாம் அவங்களுக்கு?"

"ஒண்ணும் வேணும்னு கேக்கல. ஒண்ணு வேண்டாம்னு கேக்குறாங்க. மாதா கோயில்ல பீடம் வரைக்கும் என் பொண்ணு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது நானா இருக்க வேண்டாமாம்."

மழை சட்டென்று வலுத்தது. ரம்பக்காரர் நனைந்துகொண்டே நின்றார்.

"மரியாதையாத்தான் சொன்னாங்க மச்சான். வேலை நேரத்துல குடிச்சுட்டு மெஷின்ல கையை விட்டவருன்னு ஊருக்கே தெரியுது. போட்டோவுல முன்னாடி நின்னா நாலு பேரு கேப்பாங்கன்னு."

"நம்ம பொண்ணு என்ன சொல்லுச்சு?"

மாப்பிள்ளை குடைக் கம்பியில் சொட்டுகிற தண்ணீரையே பார்த்தார். "சரின்னுச்சு. மாமா கூட்டிட்டுப் போகட்டும்னுச்சு. அதைக் கேக்கத்தான் வந்தேன். உங்களை விட்டா யாரு மச்சான் இருக்கா? ஆஸ்பத்திரியில ராப்பகலா எனக்கு மூத்திரச் சட்டி எடுத்தீங்க. அவ படிப்புக்கு அலைஞ்சீங்க. நான் குடிச்சே கெட்டவன். எனக்கு அந்த இடத்துல நிக்க என்ன தகுதி இருக்கு?"

"பாக்கலாம் மாப்ள."

"பாக்கலாம்னு எல்லாம் சொல்லாதீங்க. ஒரு கோட்டு பாத்து வைங்க. தொப்பை தெரியாத மாதிரி."

அவர் போய்விட்டார். ரம்பக்காரர் மேசைக்குத் திரும்பிவந்து பச்சைப் பொத்தான்மேல் விரலை வைத்தார். விரல் இறங்கவில்லை. கரண்ட் இல்லையோ என்று நினைத்து லோடுக்காரன் போய் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

கை போன அன்று நடந்ததைத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். மழையில்லை, நல்ல வெயில். கரண்ட் போனதும் மெஷின் நின்றது. ரம்பக்காரர் பலகை அடுக்குக்குப் பின்னால் போனார். அங்கே ஒரு பாட்டில் வைத்திருந்தார். அவர் குடிப்பது யாருக்கும் தெரியாது. அவ்வளவு சுத்தமாகக் குடிப்பார், பாக்கு மெல்லுவார், நேராக நடப்பார். மாப்பிள்ளைக்குத்தான் குடிகாரர் என்று பெயர். அவர் குடித்தால் பாடுவார், தெருவுக்கே கேட்கும். முதல்நாள் சாயந்திரம்கூடப் பாடியிருந்தார்.

கரண்ட் வந்துவிட்டதை விளக்கு எரிந்ததில் பார்த்த ரம்பக்காரர், திரும்பிவந்து பொத்தானை அமுக்கினார். மில்லில் ஒரு வழக்கம் உண்டு. பொத்தான் பக்கம் நிற்கிறவர் "கை?" என்று கேட்கவேண்டும். மேசைப் பக்கம் நிற்கிறவர் "இல்ல" என்று சொன்ன பிறகுதான் அமுக்கவேண்டும். அன்றைக்கு அவர் கேட்கவில்லை. ரம்பத்துக்கும் மேசைக்கும் நடுவில் சிக்கியிருந்த ஒரு மரச்சிலாம்பை மாப்பிள்ளை விரல் விட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

தலையும் மேசையில் மோதியதில் மாப்பிள்ளைக்கு அந்த நாளே நினைவில் நிற்கவில்லை. ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரம்பக்காரர் பின்தங்கினார். சாப்பாட்டுப் பைகள் மாட்டியிருந்த ஆணிக்குப் போனார். மீதி இருந்த பாட்டிலை மாப்பிள்ளையின் பைக்குள் வைத்தார். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு முதலாளியிடம், "நான் கேட்டேன், அவரு இல்லன்னு சொன்னாரு. நிதானத்துல இல்ல போல" என்றார். முதலாளி பையைத் திறந்து பார்த்தார். மில்லிலிருந்து மாப்பிள்ளைக்கு நஷ்டஈடாக ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பையை அப்படியே கொண்டுபோய்த் தங்கையின் கையில் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் கல்யாணப் பெண்ணே ரம்பக்காரர் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, எந்திரிங்க. ஒரு தடவை நடந்து பாத்துடலாம். நீங்க லாரிக்குத் தடி தள்ற மாதிரி நடந்தா நான் கவுந்துடுவேன்."

ரம்பக்காரரின் மனைவி அடுப்படி வாசலில் முட்டை உரித்துக்கொண்டு நின்றாள். "நடந்து காட்டுங்க. பொண்ணு கேக்குதில்ல" என்றாள்.

பெண் அவருடைய கைமடிப்பில் தன் கையை நுழைத்துக்கொண்டாள். அடுப்படியிலிருந்து தெருக்கதவு வரை பதினாலு எட்டு. நாலாவது எட்டில் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாமா, நான் செஞ்சது தப்பா?"

"எதும்மா?"

"அப்பாவை வேண்டாம்னது. அவரு ஒண்ணுமே சொல்லல மாமா. சரிம்மான்னுட்டுப் போய் பாத்திரம் கழுவுறாரு, ஒத்தைக் கையால. எனக்கு அழுகை வரல, கோவந்தான் வந்துச்சு. அன்னைக்கு ஒருநாள் குடிக்காம இருந்திருந்தா என்ன? எங்கம்மா இத்தனை வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு..."

ரம்பக்காரர் கையை உருவிக்கொண்டார். கொல்லைப்பக்கம் போய் மழையில் குனிந்து நின்று வாந்தி எடுத்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. மனைவி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவர் கோயிலுக்குப் போனார். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் அவருக்குப் புதிதல்ல. மாதம் தவறாமல் செய்வார். பொய் சொன்னேன், கோபப்பட்டேன், பூசையில் தூங்கினேன் என்று சில்லறைப் பாவங்களாக எடுத்து வைப்பார். ஒன்றை மட்டும் மடித்து அடியில் வைத்துக்கொள்வார். போன வருஷத்திலிருந்து வயதான சாமியார் ஒருவர் வந்திருந்தார். அவருக்கு இடது காது கேட்காது. பாவசங்கீர்த்தனம் கேட்க அவர் உட்காரும் மரத்தொட்டியின் ஜன்னலோ இடது பக்கம்தான் இருந்தது.

வரிசையில் ரம்பக்காரருக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் முடித்துப் போய் முழங்காலில் நின்றார்கள். பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து வரிசையில் நிற்கும் சத்தம் கேட்டது. ரம்பக்காரர் திரும்பிப் பார்க்காமல் மண்டியிட்டார். வழக்கமான பட்டியலைச் சொன்னார்.

"அவ்வளவுதானா?" என்றார் சாமியார்.

"இல்ல சாமி. ஒருத்தரோட கை என்னால போச்சு."

"என்னது?"

"கை சாமி. என்னால போச்சு."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எனக்கு இந்தக் காது மந்தம்."

ரம்பக்காரருக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. இதுவரை மனதுக்குள்கூட இதை அவர் சத்தமாகச் சொல்லிப் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மில்லில் மோட்டார் ஓடும்போது கத்துவது மாதிரியே கத்திவிட்டார். "குடிச்சது நான் சாமி! கை இருக்கான்னு கேக்காம பட்டனை அமுக்கினது நான்! பாட்டிலை அவரு பையில வெச்சதும் நான்!"

கோயில் மொத்தமும் அடங்கிப்போனது. எங்கோ ஒரு ஜெபமாலை தரையில் விழுந்தது.

சாமியார் ஜன்னல் பக்கம் சாய்ந்தார். பிறகு, "எத்தனை வருஷமாச்சு?" என்று கேட்டார்.

"ஒன்பது."

"அவரு உயிரோட இருக்காரா?"

"இருக்காரு. என் தங்கச்சி வீட்டுக்காரரு. அவரு குடிச்சதாலதான் கை போச்சுன்னு அவரே நம்பிக்கிட்டு இருக்காரு சாமி."

"அவரேவா?" சாமியார் ஜன்னலுக்கு இன்னும் நெருங்கி வந்தார். "செய்யாத பாவத்துக்கா அந்த மனுஷன் அழுதுக்கிட்டு இருக்காரு?"

"ஆமா சாமி."

"இங்க பாருங்க. நீங்க மனசு வருந்தி வந்திருக்கீங்க. கடவுள் மன்னிக்கிறார். அதுல சந்தேகமே படாதீங்க, அதுக்கு நான் இங்க உக்காந்திருக்கேன். ஆனா அந்த ஆளோட நல்ல பேரு உங்க கையில இருக்கு. திருடின பொருளை வீட்டுல வெச்சுக்கிட்டு மன்னிப்பை மட்டும் வாங்கிட்டுப் போக முடியாது. கொண்டுபோய்க் குடுத்துருங்க. அதுதான் உங்களுக்கு அபராதம்."

"அவங்க என்னை மன்னிக்கலன்னா?"

"அது அவங்க பாடு. குடுக்கறது உங்க பாடு."

சாமியார் கையை உயர்த்தி மன்னிப்பின் ஜெபத்தைச் சொன்னார். ரம்பக்காரர் காத்திருந்தார். பாரம் இறங்கும், அழுகை வரும், ஏதாவது வரும் என்று. ஒன்றும் வரவில்லை. முழங்கால் வலித்தது. எழுந்து திரும்பினார். வரிசையில் முதல் ஆளாக அவருடைய மனைவி நின்றிருந்தாள்.

இருவரும் கோயில் வாசல் கூரைக்குக் கீழே வந்து நின்றார்கள். வெளியே சாரல்.

"கேட்டுச்சா?"

"ஊருக்கே கேட்டிருக்கும்." அவள் முக்காட்டைச் சரிசெய்தாள். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு உங்க சட்டையத் துவைச்சவ நான். ரத்த வாடையோட இன்னொரு வாடையும் இருந்துச்சு. நான் கேக்கல. கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க. அதனாலதான் கேக்கல." அவள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "பாட்டில் விஷயம் தெரியாது. சத்தியமாத் தெரியாது. நீங்க போங்க. நான் உள்ள போறேன். எனக்கும் சொல்ல வேண்டியது இருக்கு."

தங்கை வீடு இரண்டு தெரு தள்ளி. ரம்பக்காரர் அதை நாலு தெருவாக்கிச் சுற்றிப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. முன்னறையில் தங்கை தையல் மெஷினில் குனிந்து, வெள்ளைத் துணியின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். ஒரு பலகையில் மூன்று ஆணி அடித்து, அதில் கிழங்கைக் குத்தி நிறுத்தி, இடது கையால் சீவுவார். அந்தப் பலகை அவரே செய்தது.

"வாங்க மச்சான். கோட்டு கிடைச்சுதா?"

"மாப்ள, நான் கூட்டிட்டுப் போக மாட்டேன். நீங்கதான் போகணும்."

"அட, திரும்ப முதல்ல இருந்தா?"

தங்கை மெஷினை நிறுத்தினாள். "அண்ணா, நீயும் படுத்தாத. அவங்க வீட்டுல சொல்லி முடிச்சாச்சு."

ரம்பக்காரர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். தொட்டியில் கத்தியதையெல்லாம் இப்போது முணுமுணுப்பாகச் சொன்னார். பலகை அடுக்கு, பாட்டில், பொத்தான், பை. சொல்லி முடித்தபோது மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்தார். பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

"மச்சான், உங்களுக்குப் பெரிய மனசு. அதுக்காக இப்படியா? நான் பொண்ணு கையைப் பிடிச்சு நடக்கணும்னு நீங்க பழியைத் தூக்கித் தலையில போட்டுக்குறீங்க. பாத்தியாடி உங்கண்ணனை?"

"பொய் இல்ல மாப்ள."

"சும்மா இருங்க. நீங்களாவது குடிக்கிறதாவது? இருபது வருஷமா உங்களைப் பாக்குறேன்."

தங்கையும் தலையை ஆட்டினாள். "வேண்டாம்ணா. இவருக்காகப் பொய் சொல்லி நீ பாவத்தைக் கட்டிக்காத. கோயிலுக்குப் போயிட்டு வந்தியா, போய் சாப்பிட்டுப் படு."

ரம்பக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது வருஷமாக எதற்குப் பயந்தாரோ அது நடக்கவில்லை. அதைவிட மோசமானது நடந்தது. அவர்கள் அவரை நம்பவில்லை, அவருடைய நல்லதனத்தைத்தான் நம்பினார்கள். இப்படியே வாசலைத் தாண்டி நடந்தால் போதும். சொல்லியாயிற்று, அபராதம் முடிந்தது, யாரும் குறை சொல்ல முடியாது. கால் ஒரு எட்டு பின்னாலும் வைத்துவிட்டது.

அப்போதுதான், சாமியாரிடமும் சொல்லாமல் மிச்சம் வைத்திருந்ததை வெளியே எடுத்தார்.

"மாப்ள. நீங்க என்னைக் கூப்பிட்டீங்க."

"எப்ப?"

"நான் பட்டன்கிட்ட வரும்போது. நீங்க குனிஞ்சிருந்தீங்க, என்னைப் பாக்கல. செருப்புச் சத்தத்தை வெச்சு நாந்தான்னு தெரிஞ்சுக்கிட்டு, 'மச்சான், ஒரு நிமிஷம், சிலாம்பு மாட்டியிருக்கு'ன்னு சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு. காதுல நல்லா விழுந்துச்சு. குடிச்சிருந்த திமிரு. என்னை நிக்க வைக்கிறதுக்கு நீ யாருன்னு ஒரு எரிச்சல். எடுத்துடுவான்னு நினைச்சு அமுக்கினேன். உங்க குரல் கேக்காம அமுக்கல மாப்ள. கேட்டும்தான் அமுக்கினேன்."

மாப்பிள்ளையின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. சீவுகிற கத்தி விரலிலிருந்து நழுவியது. அவர் ஏதோ தூரத்துச் சத்தத்தைக் கேட்பவர் மாதிரித் தலையைச் சாய்த்தார்.

"சிலாம்பு," என்றார். "நீளமா, மஞ்சளா. நகத்துக்குள்ள குத்துச்சு." மூச்சு அவருக்கு மேலும் கீழும் வாங்கியது. "ஒரு நிமிஷம்னு சொன்னேன். ஆமா. சொன்னேன். நான் சொன்னேன்டி."

தங்கை எழுந்தாள். அண்ணனை அடிக்கத்தான் வருகிறாள் என்று ரம்பக்காரர் நினைத்தார், அடித்தால் தேவலை என்றும் நினைத்தார். அவள் அவரைத் தாண்டிப்போய்ப் புருஷனுக்கு முன்னால் நின்றாள். நின்றாளே தவிர அவர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"அந்தப் பையை நான்தானே பிரிச்சேன்," என்றாள். "ஆஸ்பத்திரியில மயக்கம் தெளிஞ்சு நீங்க முதல்ல தண்ணி கேட்டீங்க. நான் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, இது போதுமா இன்னும் வேணுமான்னு கேட்டேன். கையில்லாம கிடந்த மனுஷனை. அதுக்கப்புறம் ஒரு நாள் விடாம..." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளறைக் கதவில் பெண் நின்றிருந்தாள். பாதி தைத்த கவுன், தோளிலெல்லாம் குண்டூசி. எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியவில்லை. "அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

தங்கை இப்போதுதான் அண்ணன் பக்கம் திரும்பினாள். "வெளிய போ. இனிமே என்னைத் தங்கச்சின்னு கூப்பிடாத."

ரம்பக்காரர் தரையில் விழுந்தார். நெற்றி உருளைக்கிழங்குத் தோலில் பட்டது. "மாப்ள, என்னை மன்னிச்சுடுங்க."

மாப்பிள்ளை விழுந்த கத்தியைத் தள்ளி வைத்தார். பேசியபோது குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"கை போனதை விடுங்க மச்சான். கை இல்லாம வாழக் கத்துக்கிட்டேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கோயில்ல போய் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதேனே. நீங்க என் பக்கத்துலதானே முழங்கால் போட்டு நின்னீங்க? என் முதுகைத் தட்டிக் குடுத்தீங்களே, கடவுள் மன்னிப்பார் மாப்ளன்னு. அதை எப்படி மச்சான் சொன்னீங்க?"

ரம்பக்காரர் தரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்னால முடியல. எந்திரிச்சுப் போங்க. திங்கக்கிழமை நான் மில்லுக்கு வர்றேன். அங்க எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. டீ நேரத்துக்கு மாப்பிள்ளை வந்தார். இந்தத் தடவை கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார். கூடவே பையனின் அப்பாவையும் கூட்டி வந்திருந்தார். ரம்பக்காரர் முதலாளியையும் ஆபீஸ் அறையிலிருந்து கூப்பிட்டார். டீ டம்ளரோடு பதினோரு பேர் நின்றார்கள். ரம்பக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டும் அமுக்கியதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. மாப்பிள்ளை, "அதைத் திரும்பச் சொல்லுங்க, பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல" என்றார். திரும்பவும் சொன்னார்.

யாரும் டீயைக் குடிக்கவில்லை. லோடுக்காரன் தன் டம்ளரைத் தரையில் ஊற்றினான். இருபது வருஷமாக அண்ணே அண்ணே என்று சுற்றியவன், "உங்க பக்கத்துல நானும் கை வெச்சுத்தானேய்யா வேலை பாத்தேன்" என்றான்.

முதலாளிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "இன்னையோட நீ இங்க வரக்கூடாது" என்றார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார், பார்வை நிலைக்காமல் ரம்பத்தின்மேல் போனது. "நானும் விசாரிச்சிருக்கணும். பாட்டிலைப் பாத்ததும் எனக்குச் சௌகரியமாப் போச்சு. உங்களுக்கு என்ன செய்யணுமோ செய்யறேன்."

பையனின் அப்பா தொண்டையைச் செருமினார். "புதன்கிழமை நீங்கதான் பொண்ணோட வரணும்" என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். மாப்பிள்ளை தலையாட்டினார். ரம்பக்காரர் ஆணியில் மாட்டியிருந்த தன் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். கேட்டுக்கு அப்பால் போனதும் பின்னால் மெஷின் ஓடத் தொடங்கியது. அவர் இடத்தில் அதற்குள் வேறொருவர் நின்றாயிற்று.

மறுநாள் சாயந்திரம் அவர் திரும்பவும் சாமியாரிடம் போய், மிச்சம் வைத்த அந்த ஒரு வரியையும் சொல்லிவிட்டு வந்தார். சாமியார் இந்த முறை வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை கல்யாணத்துக்கு மனைவி மட்டும் போனாள். "நீங்க வரக்கூடாதுன்னு உங்க தங்கச்சி சொல்லி அனுப்பியிருக்கு" என்றாள். "சோறு மூடி வெச்சிருக்கேன்." ரம்பக்காரர் சாப்பிடவில்லை. கோயில் மணி கேட்டபோது எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் அங்கேயே நின்றார். பொருத்திப் பார்த்த கோட்டு கதவில் தொங்கியது. வேலையில்லை, தங்கை இல்லை, தெருவில் பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாவம் மன்னிக்கப்பட்டுவிட்டது என்று சாமியார் சொன்னார். அப்படியானால் இது என்ன என்று அவர் கேட்டுக்கொண்டார். விறகு அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே கிடந்த கயிற்றைப் பார்த்தார். எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதற்கே உடம்பில் இருந்த பலம் முழுக்கத் தேவைப்பட்டது.

வெயில் சாய்கிற நேரம் தெருக்கதவைத் தட்டும் சத்தம். மாப்பிள்ளை நின்றிருந்தார். கல்யாணக் கோட்டு, சட்டைப் பையில் வாடின பூ. கூட யாரும் இல்லை.

"விருந்து நடந்துக்கிட்டு இருக்கு," என்றார். "சொல்லாம வந்துட்டேன்."

"உள்ள வாங்க மாப்ள."

அவர் வந்து உட்கார்ந்தார். ரம்பக்காரர் நின்றார்.

"நடந்தேன் மச்சான். பொண்ணு என் தோளைப் பிடிச்சுக்கிட்டா. பாதியில அவளுக்கு அழுகை, எனக்கும் அழுகை. ரெண்டு பேரும் பீடத்தைத் தாண்டிப் போயிருப்போம், சாமியார்தான் நிறுத்தினாரு." அவர் வாயோரத்தில் சிரிப்பு வந்து போனது. "அங்க நிக்கும்போது உங்களை நினைச்சேன். நினைச்சதும் உங்க கழுத்தை நெரிக்கணும் போல இருந்துச்சு. கோயில்ல, பொண்ணு கல்யாணத்துல. இங்க வர்ற வழி முழுக்க உங்களைத் திட்டிக்கிட்டேதான் வந்தேன்."

"திட்டுங்க மாப்ள. அடிங்க."

"அடிச்சா என் ஒத்தைக் கைதான் வலிக்கும். தண்ணி குடுங்க."

ரம்பக்காரர் கொண்டுவந்த தண்ணீரை அவர் மெதுவாகக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்களை மன்னிச்சேன்," என்றார். "சொல்லிட்டேன். ஆனா எனக்கு என்னைத் தெரியும். காலையில எந்திரிச்சதும் திரும்பக் கோவம் வரும். செருப்பு வாரை மாட்ட முடியாம கஷ்டப்படும்போது வரும். அப்ப இது போயிடும். போச்சுன்னா திரும்ப வந்து சொல்லிட்டுப் போறேன். எத்தனை தடவை வரணுமோ தெரியல."

ரம்பக்காரர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். தொட்டியில் வராத அழுகை அப்போது வந்தது. அசிங்கமாக, மூக்கு ஒழுக, நிற்காமல் வந்தது. மாப்பிள்ளை ஆறுதல் சொல்லவில்லை. முதுகைத் தட்டவும் இல்லை. அது ஓயும்வரை எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு விருந்துக்குத் திரும்பிப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவு இடிபட்டது. மாப்பிள்ளை. முகம் சிவந்திருந்தது, உதடு இறுகியிருந்தது. "போயிடுச்சு மச்சான்" என்றார். ரம்பக்காரர் விலகி வழிவிட்டார். மாப்பிள்ளை உள்ளே வந்து, நேற்று உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார். கால் மணி நேரம் பேசினார். ரம்பக்காரரின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். பேச்சு தீர்ந்ததும் அவர் மூச்சு விட்டார்.

"மன்னிச்சேன்" என்றார்.

"தங்கச்சி?" என்று ரம்பக்காரர் கேட்டார். கேட்டபிறகு, கேட்டிருக்கக் கூடாதோ என்று பயந்தார்.

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் தாடையைக் காட்டினார். தெருவின் எதிர்ப்பக்கம், மூடிய கடையின் ஓரத்தில், தங்கை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் உள்ளே வரவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை டீயைக் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.